பெருநாள் மெச்சுக்கு உன்னைக் கூப்பிட வந்தவன்

மச்சான்,

உன் வீட்டுக் கடப்பைத் திறந்து உள்ளே கால் வைத்ததுமே மூக்கில் ஏறிவிட்டது முறிவெண்ணெய் மணம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அன்றைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. தங்கச்சிக்குச் சீனியும் முட்டையும் கருப்பட்டியும் கொண்டு வந்தவன், பையைக் கீழே வைக்கவும் மறந்து நின்றேன். அத்தர் மணம் மறந்துபோகும், வட்டிலப்ப மணம் மறந்துபோகும், இந்த நாசமாய்ப் போன எண்ணெய் மட்டும் இருபது வருசம் போனாலும் மறக்காது.

அறைக்குள் எட்டிப் பார்த்தேன். உன் மகன் அஸ்லம் கட்டிலில் இருந்துகொண்டு கணுக்காலைத் தேய்க்கிறான். என்னைக் கண்டதும் சாரனை இழுத்து மூடினான்.

"என்னடா அது?"

"ஒண்டுமில்ல மாமா. பிரக்டிஸில லேசாப் பிசகிட்டு."

"உம்மாக்குத் தெரியுமா?"

"சொல்லிடாதீங்க மாமா. லேசாத்தான்."

லேசாத்தானாம்! வாப்பாவுக்கும் மகனுக்கும் இந்த ஒரு சொல்லைத் தவிர வேறு சொல்லே வாயில் வராதா? ஃபோனை எடுத்துக் கொழும்பு உதைபந்துக் கழகம் ஒன்றின் கடிதத்தைக் காட்டினான். பெருநாள் கழிந்து நாலாம் நாள் வந்து சேரட்டுமாம், மூன்று மாதம் வைத்துப் பார்ப்பார்களாம். வயது பத்தொன்பது. இடது கால்காரன், உன்னைப் போலவே. சந்தோசப்படத்தான் போனேன். அதற்குள் சுவரில் தொங்கிய ஜேர்சி கண்ணில் பட்டுவிட்டது. பெருநாள் மெச்சில் கலியாணம் முடிக்காதாக்கள் போடுகிற ஜேர்சி.

"இறங்கப் போறியா?"

"கெப்டனே நான்தான் மாமா," என்றான் பல்லைக் காட்டிக்கொண்டு.

நீ மௌத்தாகி மூன்று வருசம் ஆகிறது. கபுறடிக்கு வந்தால் ஸலாம் சொல்லி, ஓதி, துஆ கேட்டுவிட்டுப் போகிறேன், அங்கே வைத்து ஏச ஏலாது. உயிரோடு இருந்தபோதும் உன்னை நான் ஒருநாளும் ஒழுங்காக ஏசியதில்லை. ஏசுவதற்கு எனக்கு வாய் இருக்கவில்லை, அது ஏன் என்று உனக்குத் தெரியும். இன்றைக்கு எழுதுகிறேன். உன்னையும் ஏசப் போகிறேன், என்னையும் ஏசப் போகிறேன், யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக்கொள்ள முடிந்தால் பிரித்துக்கொள்.

நம்ம ஊர்ப் பெருநாள் மெச் என்றால் என்ன என்று வெளியூர் ஆள் கேட்டால் எனக்கு வெட்கமாக இருக்கும். பெருநாளின் இரண்டாம் நாள், அஸர் தொழுது முடிந்ததும் கடற்கரைக் கிரவுண்டில் ஊரே கூடும். ஒரு பக்கம் கலியாணம் முடிச்சாக்கள், மற்றப் பக்கம் முடிக்காதாக்கள். எல்லாரும் வெறுங்கால். மத்தியஸ்தர் ஊதுவார், ஆனால் அவர் ஊதுவதை யாரும் கேட்பதில்லை. தோற்ற பக்கம் வென்ற பக்கத்துக்கு சர்பத் ஊற்றிக் கொடுக்க வேண்டும், அடுத்த பெருநாள் வரைக்கும் பள்ளியிலும் பசாரிலும் நக்கல் கேட்க வேண்டும். ஒரு கிளாஸ் சர்பத், மச்சான்! அதற்காக வயிறு தள்ளிய மாமாமார் மாட்டுக்கன்று போல ஓடுவார்கள், பொடியன்கள் அவர்கள் மேல் பாய்ந்து விழுவார்கள். அடுத்த நாள் முறிவு வைத்தியர் வீட்டு வாசலில் இடம் கிடைக்காது.

சுனாமிக் கடல் வந்ததுக்கு முந்தின ஹஜ்ஜுப் பெருநாள் அது. உனக்கு இருபது வயது. கல்முனையில் நடந்த ஒரு போட்டியில் நீ இடது ஓரத்தால் மூன்று பேரை வெட்டிக்கொண்டு போய் அடித்த கோலைப் பார்த்துவிட்டு, கொழும்புக் கழகம் ஒன்றிலிருந்து கடிதம் போட்டிருந்தார்கள். பெருநாள் கழிந்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி. கடிதம் வந்ததும் உன் உம்மாவுக்குச் சந்தோசம் வரவில்லை, பயம்தான் வந்தது. "கொழும்புக்குப் போற பொடியன் காவின் எழுதாமப் போனா அங்கேயே ஆரையும் கட்டிட்டு இருந்திடுவான்" என்று ஒரு பாட்டம் அழுது, என் தங்கச்சிக்கும் உனக்கும் பத்து நாளைக்குள் காவின் எழுதி நிக்காஹ் முடித்து வைத்தா. எழுதியாயிற்று. ஆனால் எங்கள் வாப்பா கட்டிக்கொண்டிருந்த சீதன வீட்டுக்கு இன்னும் ஓடு போடவில்லை, அதனால் மாப்பிள்ளை எங்கள் பக்கம் வரவில்லை. முடித்தவன்தான், ஆனால் பெண்ணின் முகம் பார்த்து ஒரு வார்த்தை கதைத்ததில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் சேதி கொண்டு திரிகிறவன் நான்.

இதில் ஊருக்கு ஒரு பெரிய பிரச்சினை வந்துவிட்டது. நீ எந்தப் பக்கம்? காவின் எழுதினால் முடிச்ச ஆள் என்று அவர்கள். பெண் வீட்டுக்குப் போகாதவன் முடிக்காத ஆள் என்று நாங்கள். தேத்தண்ணிக் கடையில் சண்டை முற்றி, கடைசியில் மௌலவியிடமே போனார்கள். அவர் சிரித்தார். "காவின் எழுதினா முடிச்ச ஆள்தான். பந்துக்கெண்டு மார்க்கத்தில வேற சட்டம் இல்ல தம்பிமாரே" என்றார். அவ்வளவுதான், முடிச்சாக்கள் பக்கம் தக்பீர் முழங்காத குறை. மூன்று வருசமாகத் தோற்றுக்கொண்டிருந்தவர்கள், பாவம்.

நீ மட்டும் அசையவில்லை. "நான் ரெண்டு பக்கமும் இல்ல. எனக்கு ஞாயித்துக்கிழமை கொழும்பு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டாய். உன் ஆயுளில் நீ எடுத்த ஒரேயொரு புத்தியான முடிவு அதுதான் மச்சான். அதைக் கெடுத்தவன் நான்.

தங்கச்சி மெச் நடந்த அன்று பகல் என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டாள். பதினெட்டு வயதுப் பிள்ளை, முகத்தைத் தூக்கிப் பார்க்கவே வெட்கம். "காக்கா, மெச்சுக்கு இறங்க வேணாமெண்டு அவருக்குச் சொல்லுங்க. நான் சொன்னதெண்டே சொல்லுங்க" என்றாள். அவள் உனக்குச் சொல்லியனுப்பிய முதல் சொல் அது. நான் ஓம் என்று தலையாட்டிவிட்டு சைக்கிளை எடுத்தேன்.

வழியில் எனக்குள் சைத்தான் ஏறியதென்று சொன்னால் அதுவும் பொய். ஏறியது வெறும் ஆசை. நான் முடிக்காதாக்கள் பக்கம் கோல் கீப்பர். சின்ன வயதிலிருந்து உன் இடது கால் ஷொட்டை நான் பிடித்ததே கிடையாது. நீ கொழும்புக்குப் போய்ப் பெரிய ஆளாகிவிட்டால் இனி எப்போது பிடிப்பது? ஊர் முழுக்கப் பார்த்திருக்க, கொழும்புக்குப் போகிறவனின் ஷொட்டைப் பிடித்தவன் என்று ஒரே ஒரு பேர் எனக்கு வேண்டியிருந்தது. இருபத்தொரு வயதில் மனுசனுக்கு மூளை எங்கே இருக்கிறது என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

நீ பாயில் கிடந்தாய். இரண்டு தரம் கூப்பிட்டேன், இரண்டு தரமும் "விடு மச்சான்" என்றாய். மூன்றாவது தரம்தான் அந்தச் சொல் என் வாயில் வந்தது.

"தங்கச்சிதான் சொல்லியனுப்பினாள். நீ விளையாடுற ஒரு மெச்சாவது பாக்கணுமாம். கிரவுண்டுக்குப் பின்னால மாமி வீட்டு ஜன்னலுக்குள்ள நிப்பாளாம்."

நீ எழும்பி இருந்தாய். முகம் சிவந்துவிட்டது.

"எந்த ஜன்னல்?"

"நீலக் கதவு போட்டது."

"பத்து நிமிசம்தான் இறங்குவன்," என்றாய். அதற்குள் சாரனை மடித்துக் கட்டியாயிற்று.

பத்து நிமிசம் கூட ஆகவில்லை. பந்து உன் காலுக்கு வந்தது, ஒருத்தனை வெட்டினாய், இரண்டாமவன் தானாக விழுந்தான். கோலுக்கு முன்னால் நீயும் நானும் மட்டும். அந்த நேரத்தில் நீ என்னைப் பார்க்கவில்லை. நீல ஜன்னலைப் பார்த்தாய். அரைக் கண், அவ்வளவுதான். நான் பாய்ந்து வந்து விழுந்தேன், பந்தின் மேல் இல்லை, உன் முழங்காலின் மேல். அந்தச் சத்தத்தைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

ஊர் ஓடி வந்து சூழ்ந்துகொண்டது. நீ மணலில் கிடந்து பல்லைக் கடித்துக்கொண்டு, என் காதுக்குள் கேட்ட முதல் கேள்வி, "பாத்தாளா?"

"ஓம்," என்றேன். இரண்டாவது பொய்.

சரி, அதோடாவது நமக்குப் புத்தி வந்ததா? கல்முனை ஆஸ்பத்திரி கைக்கெட்டும் தூரத்தில். உன்னை அங்கே கொண்டு போனோமா? கொண்டு போனால் கல்முனைக்குத் தெரியும், கல்முனைக்குத் தெரிந்தால் கொழும்புக்குத் தெரியும் என்று பெரிய அறிவாளிகள் போல யோசித்து, நிந்தவூர்ப் பக்கம் ஒரு முறிவு வைத்தியரிடம் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். அந்த மனுசன் நல்ல மனுசன். அழுத்திப் பார்த்துவிட்டுத் தெளிவாகச் சொன்னார்: "இது எலும்பில்ல. உள்ளுக்க ஏதோ அறுந்திருக்கு. நாப்பது நாள் கால ஊண்டப்படாது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுத்துப் பாருங்க."

நாங்கள் எட்டுப் பேர் நின்றோம். எட்டுப் பேர் காதிலும் விழுந்தது ஒரே ஒரு சொல். "அல்ஹம்துலில்லாஹ், எலும்பில்லயாம்!" ஓட்டோக்காரன்கூடக் கைதட்டினான். உன் உம்மா கோழி அறுத்து சூப் வைத்தா. எண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றிக் கட்டி, ஐந்து நாள் படுக்க வைத்து, ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டுக்கு மேலேயே நீளக் காலுறையை இழுத்துவிட்டு உன்னைப் பஸ் ஏற்றினோம். உன் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவனும் நான்தான். "மூணு நாள் ஓடினா இளகிடும்" என்று நீ சொன்னாய், "ஓம், இளகிடும்" என்று நானும் சொன்னேன். இளகுவதற்கு அது என்ன கருப்பட்டியா?

முதல் நாள் காலையே திரும்புகிற இடத்தில் கால் உன்னை விட்டுப் போய்விட்டது. மீதி இருந்ததும் அறுந்தது. அந்தக் கழகத்துப் பயிற்சியாளர், எங்கே அடிபட்டது என்று கேட்டாராம். நீ பொய் சொல்லத் தெரியாதவன், பெருநாள் மெச்சில் என்றாயாம். முடிச்சாக்கள், முடிக்காதாக்கள் என்பதை உனக்குத் தெரிந்த அரைச் சிங்களத்தில் அந்த மனுசனுக்கு விளங்கப்படுத்த நீ பட்ட பாட்டைப் பிறகு நீயே நடித்துக் காட்டுவாய், நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். அவர் கடைசியில் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தாராம். இப்போது யோசித்தால், அந்த மனுசன் ஒருத்தர்தான் அன்றைக்கு ஒழுங்காக நடந்துகொண்டவர்.

நாலாம் நாள் நீ திரும்பி வந்தாய். வீட்டுக்கு ஓடு போட்டு முடிய, நொண்டிக்கொண்டு எங்கள் வீட்டு மாப்பிள்ளையாக வந்தாய். முழங்கால் மடியாது. இருபத்தைந்து வயதில் பள்ளியில் கதிரையில் இருந்து தொழுதவன் நீ ஒருத்தன்தான். கடைசி ஓரத்தில், கூன் விழுந்த மூத்தாப்பாமாருக்குப் பக்கத்தில். நான் முன் ஸஃப் வரிசையில் நின்று ஸலாம் கொடுக்கத் திரும்பும்போது உன் கதிரையின் கால் கண்ணில் படும். சில நாள் வேண்டுமென்றே தூணுக்குப் பின்னால் போய் நிற்பேன்.

வேலைக்கும் அந்தக் கால்தான் தடை. கடைசியில் பேக்கரிப் பாண் விற்கிற ஓட்டோ வாங்கினாய். விடியக் காலையிலும் பின்னேரத்திலும் பாண் ஓட்டோக்களுக்கே உரிய அந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிந்தாய். சின்னப் பிள்ளைகள் பணிஸ் வாங்க ஓடி வருவார்கள். "இவர் முந்தி பெரிய பிளேயர்" என்று யாராவது சொன்னால், "ஓம், இப்ப இதுதான் என்ட பந்து" என்று ஒரு பணிஸைத் தூக்கிக் காட்டுவாய். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு உன் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கும். ஏனடா கோபப்படவில்லை? மனுசனுக்கு ஒரு சூடு சொரணை வேண்டாமா?

நீ மட்டுமா? இந்தக் கரையில் எத்தனை பொடியன்கள் உன்னைப் போல. பக்கத்து ஊர்க் கோல் கீப்பர் ஒருத்தன், தேசிய அணிக்குத் தெரிவு நடக்க மூன்று கிழமை இருக்கும்போது கட்டார் விசா வந்துவிட்டதென்று ஏறிப் போனான். இன்றைக்கும் ஏதோ கட்டடத்து வாசலில் காவல் நிற்கிறான். இன்னொருத்தனைத் தம்பியின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைக் காட்டி வயது குறைத்து விளையாட வைத்தார்கள். பிடிபட்டதும் காக்காவின் பந்தும் போய்த் தம்பியின் பந்தும் போனது. ஒருத்தனையும் வெளியிலிருந்து யாரும் வந்து கெடுக்கவில்லை. உம்மா, மாமா, கூட்டாளி, கழகம் என்று எல்லாரும் அன்பாகப் பிடித்துத் தள்ளினோம். பிறகு "கண்ணூறு பட்டிட்டு" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனோம். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். நமக்கு எல்லாம் கண்ணூறு.

உன் கதையும் ஊருக்கு அதுதான். நல்லாப் படுத்துக் கிடந்தவன், பந்துச் சத்தம் கேட்டதும் பொறுக்க மாட்டாமல் தானாக எழும்பி வந்தான், ஊர்க் கண் பட்டது, விழுந்தான். நான் கூப்பிட வந்ததை நீ யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் பெருநாளைக்குப் பெருநாள் உன் வீட்டில் சாப்பிட இருக்கும்போது எனக்கு நெஞ்சுக்குள் இடிக்கும். தங்கச்சி சோற்றைப் போட்டுக்கொண்டே தொடங்குவாள். "ஒரு சொல் சொல்லியனுப்பினா அது போய்ச் சேரணும். சேராட்டி ஆர்ட காலோ போகும்." நீ குனிந்துகொண்டு, "விடு புள்ள, பெருநாளும் அதுவுமா" என்பாய். அவள் விடமாட்டாள். "எனக்கென்ன, நான் சொல்லித்தான் அனுப்பினன். அல்லாஹ்வுக்குத் தெரியும்." நீ என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவாய். பாவி, எனக்காக எவ்வளவு ஏச்சு வாங்குகிறான், என்னைக் காட்டிக் கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டிருக்கிறான் என்று நினைப்பேன். நினைத்துக்கொண்டே சாப்பிடுவேன்.

இனி இந்தப் பெருநாளுக்கு வருகிறேன். இப்போது நம்ம கழகத்துக்குத் தலைவர் நான், அதையும் கேட்டுச் சிரி. அஸ்லத்தின் காலைப் பார்த்த அன்றே கூட்டம் கூட்டி, இந்த வருசம் மெச் வேண்டாம் என்றேன். "தலைவருக்கு விசரா?" என்று ஒருத்தன் மரியாதையாகவே கேட்டான். சரி, அஸ்லத்தையாவது விடுங்கள் என்றேன். "கெப்டன் இல்லாம என்ன மெச்?" என்றார்கள். அஸ்லத்தையே பிடித்துக் கதைத்தேன். உன் வாப்பாவை நினைத்துப் பார் என்றேன்.

"வாப்பாக்குக் கண்ணூறு மாமா," என்றான், எனக்குப் பாடம் எடுப்பது போல. "எனக்கு உம்மா ஓதி ஊதிட்டா. ஒண்டும் ஆகாது."

கண்ணூறு இல்லை என்று தெரிந்தவன் வாயைத் திறக்காமல் இருந்தால் அவன் அதைத்தானே நம்புவான்.

பெருநாள் முதல் நாள் பகல் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். அஸ்லம் குர்பான் இறைச்சி கொடுக்க மாவடிப்பள்ளிப் பக்கம் போயிருந்தான். அவள் வட்டிலப்பத்தை வெட்டி என் முன்னால் வைத்தாள். "புள்ள, அவனை நாளைக்கு மறிச்சு வை," என்றேன்.

"நான் சொன்னாக் கேக்கமாட்டான் காக்கா. அவன் கண்ணூறெண்டு நினைச்சிட்டு இருக்கான்." கத்தியைத் துடைத்துக்கொண்டே என்னை நேரே பார்த்தாள். "அது கண்ணூறு இல்லையெண்டு சொல்லக்கூடிய ஆள் இந்த ஊரில ஒராள்தான் இருக்காரு."

கரண்டி என் வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிட்டது.

"உனக்குத் தெரியுமா?"

"அவர் நம்மட வீட்டுக்கு வந்த முதல் கிழமையே தெரியும். சொல்லியனுப்பினத ஏன் கேக்கல்லயெண்டு நான் அவரை ஏசினன். அவர் முழிச்சாரு. நீதானே ஜன்னல்ல நிண்டு பாக்கிறனெண்டு சொல்லியனுப்பினாய் எண்டாரு. மறுகா ரெண்டு பேருக்கும் விளங்கிட்டு."

"அப்ப... பெருநாளைக்குப் பெருநாள் அவனை ஏசினியே?"

"அவரை எங்க ஏசினன்?" என்றாள் தங்கச்சி. "சோத்தைப் போட்டுக்கொண்டு உங்கட முகத்தைப் பாத்துத்தானே ஏசினன். இண்டைக்காவது 'நான்தான் புள்ள' எண்டு சொல்லுவீங்களெண்டு பாத்தன். இருவது வருசம் பாத்தன். நீங்க இன்னுமொரு துண்டு வட்டிலப்பம் கேட்டீங்க."

யா அல்லாஹ். எனக்குக் காது இரண்டும் எரிந்தது. "அவன் ஒண்டும் சொல்லல்லயா?" என்று கேட்டேன்.

"அவரா? 'விடு புள்ள, அவன் பயந்தவன், தானாச் சொல்லுவான்' எண்டுதான் சொல்லுவாரு. நீங்க சொல்லல்ல. அவர் போயிட்டாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இப்ப என்ட புள்ள போகப் போறான். நான் சொல்லமாட்டன் காக்கா. ஒருக்கா உங்களிட்டச் சொல்லி அனுப்பினது போதும். இதை நீங்களே கொண்டு போய்ச் சேருங்க."

தானாகச் சொல்லுவானாம்! எனக்கு உன் மேல் வந்த கோபத்தைச் சொல்ல ஏலாது மச்சான். ஒரு தரம், ஒரே ஒரு தரம் கன்னத்தில் ஓங்கி அறைந்திருந்தால் அன்றைக்கே எல்லாம் வெளியில் வந்திருக்கும். உம்மாவிடம் சொல்லியிருப்பேன், ஊரிடம் சொல்லியிருப்பேன், உன் காலைப் பிடித்து அழுதிருப்பேன். நீ கண்ணைச் சிமிட்டினாய். அந்தச் சிமிட்டலை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு இருபது வருசம் வயிறு நிறையச் சாப்பிட்டேன். உன் பொறுமையில் நெருப்பை வைக்க. யாருக்கு நன்மை செய்தது அது? எனக்கா? உன் மகனுக்கா?

அடுத்த நாள் அஸர் தொழுத கையோடு உன் வீட்டுக் கடப்படிக்குப் போனேன். இரண்டு பொடியன்கள் மோட்டார் சைக்கிளோடு நின்றார்கள், அஸ்லத்தைக் கூட்டிப் போக. அவன் ஜேர்சி போட்டு, கணுக்காலை இறுக்கிக் கட்டி, ஏறி இருந்துவிட்டான். நான் கையை நீட்டிச் சாவியை உருவினேன்.

"மாமா, என்ன விளையாட்டு இது?"

"இறங்குடா. ஒரு கதை இருக்கு."

பொடியன்கள் சிரித்தார்கள். நான் சொன்னேன். அவன் உம்மா சொல்லியனுப்பியது, நான் சொல்லாமல் விட்டது, சொன்ன பொய், நீல ஜன்னல், அந்த ஜன்னலுக்குள் ஒரு சனமும் நிற்காதது, முழங்கால், "பாத்தாளா" என்று நீ கேட்டது எல்லாம். ஒழுங்கையில் நின்று, சத்தமாக, பக்கத்து வீட்டு ஆட்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அஸ்லம் வாசலில் நின்ற உம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"உண்மையா உம்மா?"

"ஓம் மகன்."

அவன் மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கினான். என் முன்னால் வந்து நின்றான். உன் உயரம், உன் கண், ஆனால் அந்தப் பார்வை உன்னிடம் ஒருநாளும் இருந்ததில்லை.

"வாப்பா பாண் கொண்டு வரக்குள்ள," என்றான் மெல்ல, "நீங்க தேத்தண்ணிக் கடை வாசல்ல நிண்டு ரெண்டு றாத்தல் வாங்குவீங்க மாமா. தினமும் வாங்குவீங்க. அவர் நொண்டிட்டு இறங்கி வந்து உங்கட கையில தருவாரு."

ஜேர்சியைக் கழற்றிப் பொடியன்களின் கையில் கொடுத்தான். உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். அன்றைக்கு முடிக்காதாக்கள் கெப்டன் இல்லாமல் விளையாடித் தோற்றார்கள். சர்பத்தை ஊற்றிக் கொடுத்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையை விடு.

கொழும்புக்குப் போகிற நாள் பஸ் ஏற்ற நானும் போனேன். எல்லாருக்கும் கை கொடுத்தான், எனக்குக் கொடுக்கவில்லை. பையைத் தூக்கப் போனேன், அதையும் பறித்துக்கொண்டான். பஸ் நகரும்போது உம்மாவைப் பார்த்துக் கை அசைத்தான். ஊர் இப்போது என்னைப் பற்றி என்ன கதைக்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டியதில்லை. கழகத்தில் தலைவர் வேலையை விட்டுவிட்டேன், விடாவிட்டாலும் விடச் சொல்லியிருப்பார்கள்.

மௌத்தாகும் வரைக்கும் நீ எனக்குத் தராமல் மறைத்து வைத்த கோபத்தை உன் மகன் ஒரே நாளில் தந்துவிட்டான் மச்சான். பாரமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது என்னுடையது, இதைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போக முடிகிறது, தூணுக்குப் பின்னால் ஒளிய வேண்டியதில்லை.

ஒரு மாதம் ஆகிறது. நான் ஃபோன் எடுத்தால் அஸ்லம் வெட்டிவிடுகிறான். நேற்றும் வெட்டினான், இன்றைக்கும் வெட்டினான். தங்கச்சியிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. சுபஹ் தொழுததும் ஓடப் போகிறானாம். கணுக்கால் ஆறிவிட்டதாம். இரண்டு முழங்காலும் நன்றாக இருக்கிறதாம்.

வெட்டட்டும். நாளைக்கும் எடுப்பேன்.